அம்பாசிடரின் பழைய ஒயரிங்: தேய்ந்த இன்சுலேஷனைச் சரிசெய்ய முழு வழிகாட்டி

பழைய அம்பாசிடரின் பானட்டைத் திறந்து, முன்பக்கம் ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயர்க் கட்டில் ஏதாவது ஒரு ஒயரை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். உறை இளக்கமாக வளைந்தால் நல்லது. மொறுமொறுவென்று விரிசல் விட்டாலோ, உள்ளே செம்பு தெரிந்தாலோ, மேற்கொண்டு படியுங்கள். பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அம்பாசிடரை எடுத்துக்கொள்ளக் காரணம், அதன் ஒயரிங் எளிமையானது, கையால் தொட்டுப் பின்தொடரக்கூடியது. அதே சமயம் பியூஸ் பாதுகாப்பு மிகக் குறைவு. அதனால் இன்சுலேஷன் போவது அதில் சின்ன விஷயம் இல்லை.

வழக்கமாக என்ன நடக்கிறது? செம்பு தெரியும் இடத்தில் கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, புழுதியைப் பிடித்து, அடுத்த கோடைக்குள் கழன்றுவிடும். அதைவிட மோசம், ஒயர் ஏன் தேய்ந்தது என்ற கேள்வியை டேப் மறைத்துவிடுகிறது. இந்த வேலையில் கைத்திறனைவிட முக்கியமானவை மூன்று கேள்விகள்: உள்ளே செம்பு நன்றாக இருக்கிறதா, உறை எவ்வளவு நீளத்துக்குக் கெட்டிருக்கிறது, எது அதைக் கெடுத்தது? மூடுவதா, வெட்டி இணைப்பதா, ஒயரையே மாற்றுவதா என்பதை இவைதான் முடிவு செய்யும்.

உறை ஏன் கெடுகிறது

ஒயரின் உறை பெரும்பாலும் பிவிசி. அது தன்னியல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளைய வைப்பதற்காக ஓர் இளக்கிப் பொருளைக் கலக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சூடு படும்போது அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, உறை இறுகி வெடிக்கிறது. சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகும் ஒயர்கள் முதலில் போவது இதனால்தான். 1950களின் பிரிட்டிஷ் வண்டிகளில் ரப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூல் பின்னலும் இருந்தன. அப்படி ஒரு ஒயரிங் உங்கள் வண்டியில் இன்னும் இருந்து, தொட்டால் உதிர்கிறது என்றால், பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை. முழு ஒயரிங் செட்டையும் மாற்றுங்கள்.

இரண்டாவது காரணம் உராய்வு. தகட்டில் ஓட்டை போட்டு ஒயர் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட், அதாவது ஓட்டையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம், காணாமல் போயிருக்கும். தகட்டின் விளிம்பு ஒவ்வொரு அதிர்வுக்கும் உறையை அறுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, அளவுக்கு மீறிய கரண்ட். பழைய 45/40 வாட் (ஹைபீம்/டிம்) பல்ப் இருந்த இடத்தில் 100/90 வாட் பல்ப் போட்டவர்கள் ஏராளம். ஹைபீமில் இரண்டு 45 வாட் பல்ப் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு 100 வாட் பல்ப் சுமார் 17 ஆம்பியர். அதே ஒயர், அதே சுவிட்ச். உறை உள்ளிருந்தே வெந்துபோகும். இந்த மூன்றுக்கும் அடுத்து எலி. எலி கடித்த இடத்தில் ஒரு ஒயர் மட்டும் போயிருப்பது அபூர்வம். கட்டு முழுவதையும் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

வாங்கி வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்று ஹோல்டருடன், ஒயர் ஸ்ட்ரிப்பர், ராட்செட் வகை கிரிம்பிங் பிளேயர் (ஒயர் முனையை உலோக இணைப்பானுக்குள் வைத்து அழுத்தி இறுக்குவது), 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் கலந்த ஈயக்கம்பி, ஹீட் கன். இவற்றோடு பல அளவுகளில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி ஒயரைக் கவ்வும் குழாய்), முடிந்தால் உள்ளே பசை பூசிய வகை. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், துணி ஹார்னஸ் டேப், நீளவாக்கில் பிளந்த கொருகேட்டட் பைப், ரப்பர் குரோமெட்டுகள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் வண்டிச் சாமான்கள் கிடைக்கும். ஸ்லீவும் ஈயமும் ரிச்சி தெருவில் எளிது.

ஒயர் வாங்கும்போது கவனம் வேண்டும். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஒயரை இன்ஜின் பக்கம் போடாதீர்கள். சாதாரண வீட்டு ஒயரின் உறை 70 டிகிரிக்கே தரப்படுத்தப்பட்டது, இன்ஜின் சூட்டுக்குப் போதாது. வண்டிக்கென்று விற்கும், மெல்லிய இழைகள் பல கொண்ட, 105 டிகிரி தாங்கும் செம்பு ஒயரைக் கேட்டு வாங்குங்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம்.

முதலில் பேட்டரி

கையில் இருக்கும் மோதிரம், வாட்ச், உலோகக் காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றவேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டவேண்டும். எர்த் என்பது பாடியோடு போல்ட் போட்டிருக்கும் கேபிள். பெரும்பாலான வண்டிகளில் அது நெகட்டிவ். ஆனால் பிரிட்டிஷ் வழிவந்த மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அதனால் நிறத்தையோ குறியையோ நம்பாமல், கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கு ஒயர் வேலை வேண்டாம். கார்புரேட்டர் கசிவையோ ஹோஸையோ சரிசெய்து, காற்று ஓடவிட்டு, மறுநாள் வாருங்கள். டேங்க் மிதவைக்குப் போகும் ஒயரைப் பழுது பார்க்கும்போது, டேங்க் பக்கத்தில் சால்டரிங் அயர்னும் ஹீட் கன்னும் வரவே கூடாது; கிரிம்பிங் மட்டும். கை எட்டும் தூரத்தில் டிரை பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

பழுதைத் தேடுவது

கழற்றுவதற்கு முன்னால் எல்லாக் கோணத்திலும் போனில் படம் எடுங்கள். எந்த ஒயர் எந்த டெர்மினலில் இருந்தது என்பது பிறகு நினைவில் இருக்காது. அதோடு ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு கட்டி எண் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தைக் கண்டுபிடிக்க, அந்த 21 வாட் பல்ப்தான் சிறந்த கருவி. பேட்டரியின் எர்த் முனைக்கும் கழற்றிய எர்த் கேபிளுக்கும் நடுவே பல்பை இணையுங்கள். சாவி ஆஃப், கதவுகள் மூடியிருக்கவேண்டும், எல்லா சுவிட்சும் ஆஃப். இப்போது பல்ப் எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ நேரடி ஷார்ட் இருக்கிறது. பல்ப் வழியாக 2 ஆம்பியருக்குக் குறைவாகவே போக முடியும் என்பதால் ஒயர் எரியாது, நிதானமாகத் தேடலாம். ஒயர்க் கட்டை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்ப் எங்கே மின்னுகிறதோ, அங்கேதான் உறை தேய்ந்திருக்கிறது. பல்ப் இணைத்திருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

இந்தச் சோதனை எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயர்களை மட்டுமே காட்டும். சுவிட்சுக்கு அப்புறம் வரும் ஒயர்களுக்கு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒயருக்கும் பாடிக்கும் நடுவே அளக்கவேண்டும். அதற்குமுன் அந்த லைனில் உள்ள பல்பைக் கழற்றிவிடுங்கள். குளிர்ந்த ஹெட்லைட் பல்பின் தடை ஓர் ஓம்முக்கும் குறைவு. மீட்டர் அதையே ஷார்ட் போலக் காட்டி, இல்லாத பழுதைத் தேடவைக்கும்.

பார்க்கவேண்டிய இடங்கள்: இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒயர் நுழையும் ஓட்டை, ஹெட்லைட் கிண்ணத்தின் பின்புறம், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த ஒயர், ஸ்டியரிங் தண்டோடு இறங்கும் இண்டிகேட்டர் மற்றும் ஹார்ன் ஒயர்கள், டிக்கி கீல், நம்பர் பிளேட் விளக்கு. தரைவிரிப்புக்கு அடியிலும் கை விட்டுப் பாருங்கள். மழைநீர் தேங்கி, செம்பு பச்சை பூத்திருக்கும்.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மறக்க வேண்டாம். அது துருப்பிடித்தோ கழன்றோ போயிருந்தால், ஸ்டார்ட்டரின் பெரும் கரண்ட் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அவற்றைச் சுடவைத்து, பக்கத்தில் இருக்கும் ஒயர்களின் உறையையும் உருக்கும். சோக் கேபிளுக்குப் பக்கத்தில் மட்டும் உறை உருகியிருந்தால் முதலில் இந்தப் பட்டையைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

நிறங்களைப் படிப்பது

அம்பாசிடர், 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் வழி வந்தது. ஒயரிங்கும் பெரும்பாலும் பிரிட்டிஷ் மின்சாமான் நிறுவனமான லூகாஸின் நிற முறையைப் பின்பற்றியது. பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது, பியூஸ் இல்லாதது. வெள்ளை, சாவி போட்டதும் உயிர் வருவது, அதற்கும் பியூஸ் இல்லை. பச்சை, சாவிக்கு அப்புறம் பியூஸ் வழியாக வருவது: இண்டிகேட்டர், வைப்பர், பிரேக் லைட் பக்கம். ஊதா, எப்போதும் உயிருள்ளது, பியூஸ் உண்டு: ஹார்ன், உள்விளக்கு. சிவப்பு, பார்க் லைட்டும் டெயில் லைட்டும். நீலம் ஹெட்லைட்: நீலத்தில் வெள்ளைக் கோடு ஹைபீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். கறுப்பு, எர்த்.

இதில் ஆபத்தானது பழுப்பு. தேய்ந்த பழுப்பு ஒயர் பாடியில் பட்டால் தடுக்க பியூஸ் கிடையாது. பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் தள்ளும். சில நொடிகளில் ஒயர் பழுத்து, கட்டில் பக்கத்தில் உள்ள எல்லா ஒயரையும் சேர்த்து எரிக்கும். ஆகவே நேரம் குறைவாக இருந்தால் பழுப்பிலிருந்து தொடங்குங்கள்.

நிறத்தை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக வேண்டாம். இத்தனை வருடத்தில் பல கைகள் பட்ட வண்டி. கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். வெட்டுவதற்கு முன் இரு முனையையும் மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

மூடினால் போதும் என்றால்

செம்பு பளபளப்பாக, ஓர் இழைகூட அறுபடாமல் இருக்கவேண்டும். காயம் ஓரிரு சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். அதன் இருபுறமும் ஒயரை வளைத்தால் உறை வெடிக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் மூடலாம்.

ஒயரின் ஒரு முனையை டெர்மினலிலிருந்து கழற்ற முடிந்தால் அதுவே நல்ல வழி. ஒயரைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எடுத்து, ஸ்லீவைக் கோத்து, காயத்துக்கு இருபுறமும் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டும்படி வைத்துச் சூடாக்குங்கள். ஸ்லீவ் பாதியளவாகச் சுருங்கும்; ஆகவே ஒயரைவிடச் சற்றுப் பெரிதாக எடுத்தால் போதும். பசை பூசிய வகையில் ஓரத்தில் பசை மெல்லக் கசிந்தால் சரியாக ஒட்டிவிட்டது என்று பொருள். ஹீட் கன் பின்னால் உள்ள மற்ற ஒயர்களைச் சுடாமல் இருக்க, ஒரு தகரத் துண்டைக் குறுக்கே பிடியுங்கள். லைட்டர் தீ வேண்டாம். கரி படியும், ஒரு பக்கம் கருகும்.

முனையைக் கழற்றவே முடியாத இடத்தில் ரப்பர் டேப். அதை ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துக்கொண்டே, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சுற்றவேண்டும். இழுக்காமல் சுற்றினால் ஒன்றோடொன்று சேராது. இந்த டேப் பெட்ரோலுக்கும் உராய்வுக்கும் தாங்காது. அதனால் மேலே துணி டேப் ஒரு சுற்று அவசியம்.

வெட்டி இணைப்பது

இழைகள் அறுந்திருந்தாலோ, கறுத்திருந்தாலோ, அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு சேர்க்கவேண்டும். பளபளப்பான செம்பு வரும்வரை இரு பக்கமும் வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. கிரிம்ப் போட்டாலும் தடை மிச்சமிருந்து சூடாகும். ஒரு சாண் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்த ஒயர் முழுவதும் போய்விட்டது. அதோடு போராடாமல் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

புதுத் துண்டின் தடிமன் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கவேண்டும், குறையவே கூடாது. உறையோடு சேர்த்துப் பார்க்காமல் செம்பைப் பாருங்கள். அந்தக் காலத்து லூகாஸ் வகை ஒயர்களில் 0.30 மில்லிமீட்டர் இழைகளை எண்ணினாலே தெரிந்துவிடும்: 14 இழை என்றால் 1 சதுர மில்லிமீட்டர், சுமார் 8 ஆம்பியர் வரை; 28 இழை 2 சதுர மில்லிமீட்டர், சுமார் 17 ஆம்பியர்; 44 இழை 3 சதுர மில்லிமீட்டர், சுமார் 27 ஆம்பியர்.

தடிமனில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் ஓடினால், ஏறத்தாழ 0.9 வோல்ட் அந்த ஒயரிலேயே தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தாலே ஹெட்லைட் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். தொலையும் அந்த மின்சாரம் ஒயரைச் சூடாக்கி, நீங்கள் போட்ட புது உறையையும் கெடுக்கும்.

கிரிம்பா, ஈயமா என்ற வாதம் என்றைக்கும் ஓயாது. அதிர்வு உள்ள இடத்தில் நல்ல கருவியால் போட்ட கிரிம்புக்கே என் ஓட்டு. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறும்போது ஒயர் விறைத்துவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் ஒயர் பின்னாளில் முறியும். கிரிம்ப் போட, இன்சுலேஷன் இல்லாத செம்பு இணைப்பானை எடுத்து, இரு முனையையும் முழுதாக உள்ளே செலுத்தி, ராட்செட் பிளேயரால் இறுக்கி, பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் மறுபடி போடுங்கள். கிரிம்ப் போடும் முனைக்கு முன்கூட்டி ஈயம் பூசக் கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து பிடி தளரும். சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் கிரிம்ப் ஆகாது.

நல்ல கிரிம்பிங் கருவி இல்லை என்றால், ஒழுங்காக வைத்த ஈயப்பற்று தாராளமாகப் போதும். உறையை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் ஸ்ட்ரிப்பரால் உரியுங்கள். பல்லால் கடித்து இழுத்தால் இரண்டு மூன்று இழை கட்டாயம் போகும். ஸ்லீவை இப்போதே கோத்து, சூடு படாத தூரத்துக்குத் தள்ளிவையுங்கள். இரு முனையையும் எதிரெதிராகக் குறுக்கே வைத்து, ஒன்றை மற்றதன்மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். ஈயம் இல்லாமலே இழுத்தால் வரக் கூடாது. அயர்னைச் செம்பில் வைத்துச் சூடாக்கி, ஈயக்கம்பியைச் செம்பில் தொட்டு உருகவிடுங்கள். பற்று பளபளப்பாக, இழைகளின் வடிவம் லேசாகத் தெரியும்படி இருக்கவேண்டும். குமிழாக உருண்டு நின்றால் உள்ளே பிடிக்கவில்லை. ரோசின் தவிர அமிலப் பேஸ்ட் எதுவும் வேண்டாம்; அது உள்ளே தங்கிச் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். கூர்முனை ஏதும் இருந்தால் தேய்த்துவிட்டு, ஸ்லீவை இழுத்துச் சுருக்குங்கள்.

ஒரே கட்டில் பல ஒயர்களை இணைக்கும்போது, இணைப்புகள் பக்கம் பக்கமாக வராமல் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி அமையட்டும். கட்டு ஓரிடத்தில் பருக்காது. ஓர் உறை போனாலும் பக்கத்து இணைப்பைத் தொடாது. வளைந்து நிமிரும் இடங்களில், அதாவது டிக்கி கீல், ஸ்டியரிங் தண்டு ஆகிய இடங்களில், எந்த இணைப்பும் வரக் கூடாது. அங்கே நீளமான துண்டு போட்டு, அசையாத பகுதிக்கு இணைப்பைக் கொண்டுபோங்கள்.

முழு ஒயரையும் மாற்றுவது

உறை நெடுகிலும் இறுகிவிட்ட ஒயருக்கு இது ஒன்றே வழி. பழைய ஒயரின் முனையில் புது ஒயரையோ ஒரு நைலான் கயிற்றையோ கட்டி, டேப்பால் மெல்லியதாகச் சுற்றி, மறுமுனையிலிருந்து இழுத்தால் பழைய பாதையிலேயே வந்துவிடும். கட்டு இறுக்கமாக இருந்து வரவில்லை என்றால் பலமாக இழுக்காதீர்கள், மற்ற ஒயர்களின் உறை உரியும். பழையதை இரு முனையிலும் வெட்டி மூடிவிட்டு, புதியதைக் கட்டுக்கு வெளியே ஓட்டுங்கள். கூடுமானவரை அதே நிறத்தில் வாங்குங்கள். அடுத்து இந்த வண்டியைத் திறப்பவருக்கு அது பெரிய உதவி.

கையோடு செய்யவேண்டிய ஒன்று உண்டு. ஹெட்லைட்டுக்கு பியூஸ் இல்லாத பழைய மாடல் என்றால், இந்த நேரத்தில் ஒரு ரிலேயும் (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்), இடது வலது இரண்டுக்கும் தனித்தனி பியூஸும் சேர்த்துவிடுங்கள். ஒரே பியூஸில் இரண்டையும் போட்டால், இரவில் ஒரு பக்க ஷார்ட் இரண்டு விளக்கையும் அணைத்துவிடும். பியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நீள ஒயர் பாதுகாப்புக்குள் வரும். பியூஸின் அளவு ஒயருக்கு ஏற்றபடி இருக்கவேண்டும். அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுவதோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி மாட்டுவதோ, செய்த வேலையை எல்லாம் வீணாக்கும்.

கட்டி முடிப்பது

தேய்மானத்துக்குக் காரணமான இடத்தை இப்போது சரிசெய்யுங்கள். தகட்டு ஓட்டையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, பெயின்ட் தொட்டு, சரியான அளவு குரோமெட் போடுங்கள். ஒயர்க் கட்டைத் துணி டேப்பால் சுற்றி, இன்ஜின் பக்கம் கொருகேட்டட் பைப்புக்குள் விடுங்கள். பைப்பின் பிளவு கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தங்காது. ஒரு சாணுக்கு ஒரு கிளிப் போட்டுப் பிடியுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே தாண்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடவேண்டும், ஏனென்றால் இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும். மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி ஓட்டுங்கள். முடியாவிட்டால் கண்ணாடி இழை ஸ்லீவ் போடுங்கள்.

மீண்டும் மின்சாரம்

கேபிளை நேராக மாட்டாதீர்கள். முதலில் அதே 21 வாட் பல்ப் வழியாக இணையுங்கள். எல்லாம் ஆஃபில் இருக்கும்போது பல்ப் எரியாவிட்டால், ஒயர்க் கட்டை மறுபடி நெடுக அசைத்துப் பாருங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் பல்பை எடுத்துவிட்டு எர்த் கேபிளை மாட்டலாம். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, படமெடுத்த வரிசையில் சரிபாருங்கள்.

கடைசியாக வோல்டேஜ் இழப்பு. ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பல்பின் டெர்மினலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவே 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, வாசலின் தடவி இறுக்குங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இந்த இரண்டு அளவும் முனை மாறி வரும்.

ஹெட்லைட்டைக் கால் மணி நேரம் எரியவிட்டு, புதிதாகப் போட்ட ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒயரைவிட இணைப்பு சூடாக இருந்தால் அதை வெட்டி மறுபடி போடுங்கள். ஒரு மாதம் ஓட்டிய பிறகு, குரோமெட்டும் கிளிப்பும் இடத்தில் இருக்கின்றனவா, ஸ்லீவின் ஓரம் எங்காவது பிரிகிறதா என்று பானட்டைத் திறந்து இன்னொரு முறை பாருங்கள். எந்த ஒயரை எந்த அளவில், எந்த நிறத்தில் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஆர்சி புக்கோடு வையுங்கள்.